600 முகவரியைத் தடுத்தும் ஸ்பாம் நிற்காதது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 40 பேர் வேலை பார்க்கும் ஒரு அலுவலகம். வாடகைக்கு எடுத்த சர்வரில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டியில் சேர்த்துவைக்கும் டவ்காட். தொந்தரவு மெயில் வரவர அனுப்புநர் முகவரியை ஒவ்வொன்றாகத் தடைப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். பட்டியல் 600-ஐத் தாண்டிவிட்டது, மெயில் குறைந்தபாடில்லை. சில முகவரிகள் பட்டியலில் இருந்தும் அவர்களுடைய மெயில் உள்ளே வருகிறது. போதாக்குறைக்கு முதலாளி எதிர்பார்த்த ஒரு விலைப்புள்ளி மெயில் எங்கோ காணாமல் போயிருக்கிறது. ரூலை எப்படி எழுதினால் இதெல்லாம் அடங்கும் என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் காட்டிய ரூலில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெயர் சொல்லித் தடுப்பது சொந்தப் பெயரில் வருகிறவனிடம்தான் செல்லுபடியாகும். அனுப்புநர் முகவரி என்பது மெயிலில் மிகச் சுலபமாகப் பொய் சொல்லக்கூடிய பகுதி. அதிலும் ஒரே மெயிலில் இரண்டு அனுப்புநர் முகவரிகள் இருக்கும். நீங்கள் ஒன்றைப் பார்த்துப் பட்டியலில் சேர்க்கிறீர்கள், சர்வர் இன்னொன்றைப் பார்த்து உள்ளே விடுகிறது.

இது புரிய, சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசலான போர்ட் 25-இல் நடக்கும் பேச்சை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். வெளி சர்வர் வந்து கதவைத் தட்டுகிறது. நம் சர்வர் 220 என்று வரவேற்கிறது. வந்தவர் "ஈஹெலோ, நான் இன்னார்" என்று பெயர் சொல்கிறார். சரி, 250. அடுத்து "மெயில் ஃப்ரம்" என்று ஒரு முகவரி. 250. "ஆர்சிபிடி டூ" என்று உங்கள் ஊழியர் ஒருவரின் முகவரி. 250. "டேட்டா" என்கிறார், நாம் 354 சொல்கிறோம், அதாவது கொட்டு என்று. அதற்கு அப்புறம்தான் கடிதமே வருகிறது: "ஃப்ரம்", "டூ", "சப்ஜெக்ட்" என்ற தலைப்பு வரிகள், ஒரு வெற்று வரி, உள்ளடக்கம், கடைசியில் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு நாம் 250 சொல்லிவிட்டால் கடிதம் நம் பொறுப்பு. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்த முறை இது. மேலே என்னென்னவோ சேர்ந்திருந்தாலும் இந்தப் பேச்சின் வரிசை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழைப்பவர் பெயர் குடும்பத்தின் மூத்தவர் பெயராக இருக்கும். உறையின் மேல் கையால் எழுதித் தபாலில் போட்டது மாப்பிள்ளையின் நண்பனாக இருக்கலாம். தபால்காரர் பார்ப்பது உறையை, நாம் படிப்பது உள்ளே இருக்கும் பெயரை. மெயிலும் இப்படித்தான். "மெயில் ஃப்ரம்" என்று சொன்ன முகவரி உறை. "ஃப்ரம்" என்று கடிதத்துக்குள் இருப்பது அழைப்பவர் பெயர். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

உங்கள் போஸ்ட்ஃபிக்ஸில் "செக் சென்டர் ஆக்சஸ்" என்ற வரிதான் பட்டியலைப் படிக்கிறது. அது பார்ப்பது உறையை மட்டும். நீங்களோ அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ தெரியும் முகவரியைப் பார்த்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். தடுத்தும் வந்த மெயில் ஒன்றை எடுத்து அதன் மூலத்தை (சோர்ஸ்) திறந்து பாருங்கள். மேலே "ரிட்டர்ன் பாத்" என்று ஒரு வரி இருக்கும். கடிதத்தைப் பெட்டியில் போடும்போது சர்வர் உறை முகவரியை அங்கேதான் குறித்துவைக்கிறது. அதையும் கீழே இருக்கும் "ஃப்ரம்" வரியையும் ஒப்பிடுங்கள். துணிக்கடைச் சலுகை மெயில் என்றால் "ஃப்ரம்" வரியில் கடையின் பெயர் இருக்கும். "ரிட்டர்ன் பாத்" வரியிலோ மொத்த மெயில் சேவை ஒன்றின் டொமைன் (@ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) இருக்கும், அதன் முன்னால் நீளமான எண்ணும், உங்கள் ஊழியர் முகவரியே மடித்து ஒட்டிய ஒரு சரமும். இந்த மடிப்பு வேலைக்கு வெர்ப் என்று பெயர். எந்தப் பெறுநருக்குப் போன மெயில் திரும்பி வந்தது என்று உடனே தெரிந்துகொள்ள, க்யூமெயில் என்ற மெயில் சர்வரை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் 90-களில் கொண்டுவந்த உத்தி. ஒவ்வொரு பெறுநருக்கும் உறை முகவரி மாறும். சில சேவைகளில் ஒவ்வொரு மெயிலுக்குமே மாறும். அதைப் பட்டியலில் சேர்த்தால் நேற்றைய பஸ் டிக்கெட்டை இன்று காட்டுகிற மாதிரிதான்.

அப்படியானால் அந்த மொத்த மெயில் சேவையின் டொமைனையே தடுத்துவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அதே சேவை வழியாகத்தான் வங்கியின் ஓடிபி, ரயில் டிக்கெட், ஆய்வகத்தின் ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் வருகின்றன. முதலாளியின் விலைப்புள்ளி காணாமல் போனதும் இப்படி ஒரு வரியால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் பட்டியலில் பெரிய மெயில் சேவைகளின் டொமைன் மூன்று இருக்கின்றன, அவற்றை இன்றே எடுத்துவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இந்தப் பட்டியலில் முதலில் முழு முகவரியைத் தேடும், கிடைக்காவிட்டால் டொமைனை, அதுவும் இல்லையென்றால் அதற்கு மேலிருக்கும் தாய் டொமைனை. அதனால் ஒரு டொமைனைச் சேர்த்தால் அதன் துணை டொமைன்கள் அத்தனையும் மாட்டும். பட்டியலைச் சோதிக்க "போஸ்ட்மேப்" கட்டளையில் "க்யூ" விருப்பம் இருக்கிறது. ஆனால் அது கொடுத்த சொல்லை அப்படியே தேடும், முகவரியிலிருந்து டொமைனுக்கு ஏறிப் பார்க்காது. "தேடிப் பார்த்தேன், பட்டியலில் இல்லை" என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். முகவரியை ஒருமுறை, டொமைனை ஒருமுறை என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

சரி, சொந்தப் பெயரில் வருகிறவர்களை என்ன செய்வது? உண்மையான கடை, உண்மையான கருத்தரங்கு விளம்பரம் என்றால் "அன்சப்ஸ்கிரைப்" போடுவதே நல்லது. ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு விதியை வைத்திருக்கின்றன. மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் (ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 5000 மெயில்) விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தரவேண்டும், ஸ்பாம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு ஓரளவு ஒழுங்கானவர்களிடம் விலகல் நிஜமாகவே வேலை செய்கிறது. முன்பின் தெரியாதவன் அனுப்பிய மெயிலில் இருக்கும் விலகல் இணைப்பை மட்டும் தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

விலகியும் விடாதவர்களுக்குக் கடிதத்துக்குள் இருக்கும் "ஃப்ரம்" வரியைப் பார்க்கும் ரூல் வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் "ஹெடர் செக்" என்ற வசதி இதற்குத்தான். கடிதம் வந்துகொண்டிருக்கும்போதே தலைப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசிப் புள்ளி வந்ததும் 250-க்குப் பதில் மறுப்புச் சொல்லும். வேலை செய்யும், ஆனால் கொஞ்சம் முரட்டு ஆயுதம். ஒரு வரியை மட்டும்தான் பார்க்கத் தெரியும். "இன்னாரிடமிருந்து வந்து, இன்னாருக்குப் போனால்" என்று இரண்டு நிபந்தனையைச் சேர்த்து எழுத வழியில்லை. யாருக்கு விதிவிலக்கு என்றும் சொல்ல முடியாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மெயிலோடு இணைப்பாக வரும் இன்னொரு மெயிலின் தலைப்பு வரிகளையும் அது அதே ரூலால் சோதிக்கும். ஊழியர் ஒருவர் "சார், இந்த ஆள் தொல்லை தாங்கவில்லை" என்று அந்த ஸ்பாம் மெயிலை இணைத்து உங்களுக்கு அனுப்பினால், புகாரே தடுக்கப்பட்டுத் திரும்பிப் போகும்.

ஹெடர் செக் பற்றிப் பேசும்போது தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. "கடன்" என்ற சொல் பொருள் வரியில் (சப்ஜெக்ட்) இருந்தால் மறு என்று தமிழிலேயே ரூல் எழுதிப் பார்த்திருக்கிறேன் என்று கேள்வியின் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். அது ஒருநாளும் பிடிக்காது. பொருள் வரியில் தமிழ் பெரும்பாலும் தமிழாகப் பயணம் செய்வதில்லை. முதலில் யூடிஎஃப்-8 பைட்டுகளாகி, பிறகு வழக்கமாக பேஸ்64 என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாறிப் போகும். ஹெடர் செக் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை, மேல் துணியை மட்டும் பார்க்கிறது. "கடன்" நம் கண்ணுக்கு 3 எழுத்து. கணினிக்குப் புள்ளியையும் சேர்த்து 4 குறியீடு, ஒன்றுக்கு 3 பைட் வீதம் 12 பைட். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும், ஆக 16 எழுத்து. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் சரியாக 3 பைட் என்பதால், முதல் இடைவெளி வரும்வரை நான்கு நான்கு எழுத்தாக ஒரே தாளத்தில் போகும். ஒவ்வொரு நான்கும் "4கே6" என்றோ "4கே+" என்றோதான் தொடங்கும், கே இருக்கும் இடத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து. மெயில் மூலத்தைப் பார்த்துப் பார்த்து, பிரிக்காமலேயே "இது தமிழ்த் தலைப்பு" என்று சொல்கிற அளவுக்கு எனக்குப் பழகிவிட்டது. இதனால் காசு பணம் எதுவும் வந்ததில்லை.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. பழைய கையேடுகளில் "பொருள் வரி பேஸ்64-இல் இருந்தால் மறு" என்று ஒரு ரூல் கிடைக்கும். ஆங்கிலம் மட்டும் புழங்கும் அலுவலகத்தில் ஒரு காலத்தில் அது கெட்டிக்காரத்தனமாக இருந்திருக்கலாம். நான் பின்னால் போய்ச் சரிசெய்த ஒரு நிறுவனத்தில் அதைப் போட்டிருந்தார்கள். தமிழ்த் தலைப்பு வைத்த மெயில் எதுவும் பல மாதம் வரவில்லை, யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. பில்கள் சில திரும்பிப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த பில்களின் தலைப்பு முழுக்க ஆங்கிலம்தான், ஆனால் தொகைக்கு முன்னால் ரூபாய்க் குறி இருந்தது. 2010-இல் வந்த அந்த ஒரு குறி போதும், வரி முழுவதும் மூட்டை கட்டப்பட்டுவிடும்.

தமிழ்ச் சொல்லைப் பார்த்துப் பிரிக்க வேண்டுமென்றால் டவ்காட்டில் இருக்கும் சீவ் என்ற ரூல் மொழியைப் பயன்படுத்துங்கள். அது தலைப்பைப் பிரித்து யூடிஎஃப்-8-ஆக்கிய பிறகுதான் ஒப்பிடும், "கடன்" என்று எழுதினால் கடனைக் கண்டுபிடிக்கும். ஒரு ஊழியருக்கு மட்டும் ஆகாத அனுப்புநர்களைத் தடுக்கவும் அதுதான் சரியான இடம். கணக்குப் பிரிவுக்கு ஸ்பாமாகத் தெரிவது கொள்முதல் பிரிவுக்கு வேண்டிய மெயிலாக இருக்கும். அவரவர் ரூலை அவரவர் பெட்டியில் வைத்துக்கொண்டால் உங்கள் பொதுப் பட்டியல் இளைத்துவிடும். ஒன்றே ஒன்று, சீவ் ஓடுவது கடிதத்தை நாம் ஏற்றுக்கொண்ட பிறகு. அங்கே "ரிஜெக்ட்" போட்டால் மறுப்புக் கடிதம் உறையில் இருக்கும் முகவரிக்குப் போக வாய்ப்பு உண்டு. அந்த முகவரி பொய் என்றால், ஒன்றும் அறியாத யாரோ ஒருவருக்கு நீங்கள் ஸ்பாம் அனுப்புகிறீர்கள். இப்படிக் கிளம்பும் திரும்பல் மெயில்களால் உங்கள் சர்வரே மற்றவர்களின் தடைப் பட்டியலில் ஏறும். சீவில் தனி மடிப்புக்கு (ஃபோல்டர்) மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். வேண்டாத மெயிலுக்கு மூன்று கதி உண்டு: வாசலிலேயே மறுப்பது, வாங்கி ஜங்க் மடிப்பில் போடுவது, வாங்கிச் சத்தமில்லாமல் எரிப்பது. மூன்றாவதை, அதாவது "டிஸ்கார்ட்" என்ற சொல்லை, உங்கள் கோப்புகளில் எங்கே பார்த்தாலும் அழித்துவிடுங்கள். வாசலில் மறுத்தால், தவறுதலாக மாட்டிய நல்ல மனிதருக்கு அவருடைய சர்வரே "உன் மெயில் போகவில்லை" என்று சொல்லும். அவர் போன் செய்வார், நாம் சரிசெய்வோம். எரித்துவிட்டால் அவர் போய்ச் சேர்ந்ததாக நினைத்துக் காத்திருப்பார், நம் ஆள் வரவில்லை என்று காத்திருப்பார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். மறுப்பு வரியில் "ரிஜெக்ட்" என்ற சொல்லுக்குப் பின்னால் நீங்களே ஒரு வாக்கியம் எழுதலாம். நான் அலுவலகத் தொலைபேசி எண்ணை எழுதிவைப்பேன். ஸ்பாம் அனுப்புகிறவன் ஒருநாளும் அழைத்ததில்லை.

ரூல்களின் வரிசையில் நான் ஒருமுறை கை சுட்டுக்கொண்டேன். 2009 என்று நினைவு. எங்கள் ஊழியர்களின் மெயிலே சில சமயம் தடுக்கப்படுகிறது என்று, அனுப்புநர் பட்டியலின் முதல் வரியாக எங்கள் சொந்த டொமைனைப் போட்டு எதிரே "ஓகே" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பட்டியல், மற்றவர்களுக்கு மெயில் கடத்தக் கூடாது என்று சொல்லும் வரிக்கு மேலே இருந்தது. "ஓகே" என்றால் இந்தச் சோதனையில் தேறியது என்று அர்த்தமில்லை, அந்த வரிசையில் மிச்சமிருக்கும் எந்தச் சோதனையும் வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் டொமைன் பெயரை உறையில் எழுதிக்கொண்டு வந்த யாரும் எங்கள் சர்வர் வழியாக உலகத்துக்கே மெயில் அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தேன். காலையில் வந்து பார்த்தால் அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் ஆயிரக்கணக்கில் மெயில், எங்கள் ஐபி முகவரி (இணையத்தில் சர்வரின் எண்) பொதுத் தடைப் பட்டியலில். அங்கிருந்து வெளியே வர நான்கு நாள் ஆனது. 2013-இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 2.10 முதல் கடத்தல் விதிகளைத் தனி வரிசையாகப் பிரித்துவிட்டார்கள், இந்த விபத்து அவ்வளவு சுலபமாக நடக்காது. இருந்தாலும் விதிவிலக்குக் கொடுக்கும்போது, இந்தப் பட்டியலைப் பொறுத்தவரை சொல்ல ஒன்றுமில்லை, அடுத்த சோதனைக்குப் போ என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் "ஓகே" எழுதாதீர்கள், "டன்னோ" எழுதுங்கள்.

இனி, பெயரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள். உங்கள் 600-இல் பெரும்பகுதி இவர்கள்தான். காலையில் ஒரு டொமைன், மாலையில் இன்னொன்று, அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகள். இவர்களைப் பெயரால் துரத்துவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை. இவர்களால் அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாதது எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறார்கள் என்பதும், எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும்தான். வாசலில் நிற்க போஸ்ட்ஸ்க்ரீனை இயக்குங்கள், போஸ்ட்ஃபிக்ஸோடு வருவதுதான். அது வரவேற்பை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியைச் சொல்லிவிட்டு இயல்பாக 6 நொடி நிற்கும். ஒழுங்கான சர்வர் நாம் முடிக்கும்வரை காத்திருக்கும். அவசரத்தில் இருக்கும் ஸ்பாம் நிரல் வரவேற்பு முடியுமுன்பே பேச ஆரம்பித்துவிடும், அங்கேயே மாட்டும்.

ஐபி முகவரிக்குப் பொதுத் தடைப் பட்டியல்கள் இருக்கின்றன. 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பாம்ஹாஸின் ஜென் பட்டியல் அதிகம் பயன்படுவது. ஐபி முகவரியைத் திருப்பிப் போட்டு, பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ் வழியாகக் கேட்டால், பட்டியலில் இருந்தால் 127.0.0-வில் தொடங்கும் பதில் வரும், இல்லாவிட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று வரும். அவ்வளவுதான் இயந்திரம். ஆனால் இதைத் தவறாகப் பொருத்தி ஒட்டுமொத்த மெயிலையும் நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் சர்வர் டிஎன்எஸ் கேள்விகளை கூகுளின் 8.8.8.8 போன்ற பொதுச் சேவை வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் பதில் தர மறுக்கும், மறுப்பைத் தெரிவிக்க 127.255.255.254 என்ற எண்ணை அனுப்பும். போஸ்ட்ஃபிக்ஸில் எந்தப் பதில் எண்ணைத் தடையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று குறிப்பிடாமல் விட்டிருந்தால், ஏதோ பதில் வந்ததே என்று உலகத்தில் உள்ள எல்லோரையும் அது தடுத்துவிடும். அன்பவுண்ட் போன்ற டிஎன்எஸ் நிரல் ஒன்றைச் சர்வரிலேயே நிறுவி, அதன் வழியாகக் கேளுங்கள். 127.0.0-வில் 2 முதல் 11 வரையிலான பதிலுக்கு மட்டும் தடை என்று எழுதுங்கள். பொருத்திய பிறகு 127.0.0.2 என்ற முகவரியைக் கேட்டுப் பாருங்கள், அது சோதனைக்காகவே எப்போதும் பட்டியலில் இருக்கும். 127.0.0.1 பட்டியலில் இருக்கவே கூடாது. இலவசப் பயன்பாட்டுக்கு நிபந்தனைகள் உண்டு, அலுவலகத்துக்குப் போடுமுன் படித்துவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஜென்னுக்குள் வீட்டு இணைய இணைப்புகளின் பட்டியலும் அடங்கியிருக்கிறது. அந்த முகவரிகளிலிருந்து நேராகப் போர்ட் 25-க்கு வருவது பெரும்பாலும் வைரஸ் பிடித்த கணினிதான், தடுப்பது சரி. ஆனால் உங்கள் ஊழியர் வீட்டிலிருந்து கடவுச்சொல் போட்டு போர்ட் 587 வழியாக அனுப்புவதும் அதே மாதிரி முகவரியிலிருந்துதான். அந்தப் போர்ட்டில் இந்தச் சோதனை எட்டிப்பார்க்கக் கூடாது.

பழைய கட்டுரை ஏதோ ஒன்றிலிருந்து எடுத்த ஐந்து தடைப் பட்டியல்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன, அவற்றில் சோர்ப்ஸும் ஒன்று. அது 2024 ஜூனில் மூடப்பட்டுவிட்டது. செத்த பட்டியல் சும்மா கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் கடையைக் கட்டியது. அதன் பிறகும் சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் ஒருநாள் எந்த முகவரியைக் கேட்டாலும் "பட்டியலில் இருக்கிறது" என்று பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். கோப்பைத் திறந்தே பார்க்காத நிர்வாகிகள் அன்றுதான் திறந்து பார்த்தார்கள். ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு.

தாமதப் பட்டியல், அதாவது கிரேலிஸ்டிங், பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். தெரியாத ஆள் முதல்முறை வந்தால் "இப்போது முடியாது, பிறகு வா" என்று தற்காலிக மறுப்புச் சொல்வது. ஒழுங்கானவர் சில நிமிடம் கழித்து வருவார், அவசரக்காரன் வரமாட்டான். 2003-இல் வந்தபோது அற்புதமாக வேலை செய்தது. இப்போது எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. ஓடிபி பத்து நிமிடம் தாமதித்து வந்தால் என்ன நடக்கும் என்று உங்கள் கணக்காளரைக் கேட்டுப் பாருங்கள். பெரிய சேவைகள் இரண்டாம் முறை வேறு ஐபி முகவரியிலிருந்து வருவதால் அவர்களையும் புதிய ஆளாக நினைத்து மறுபடி நிறுத்திவைக்கும்.

மூன்றாவது வகை, அடுத்தவர் பெயரில் வருகிறவன். முதலாளியின் பெயரில், உங்கள் சொந்த டொமைனில், "அவசரமாக இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு" என்று வரும் மெயில். இதை அனுப்புநர் பட்டியலால் தடுக்க நினைத்தால் உங்கள் டொமைனையே தடுக்க வேண்டியிருக்கும். இதற்கான மருந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் சேர்ந்தது. எஸ்பிஎஃப் உறை முகவரியின் டொமைனுக்காக எந்த ஐபி அனுப்பலாம் என்று சொல்லும். டிகேஐஎம் கடிதத்தின் மேல் போடும் கையெழுத்து. இரண்டும் தனித்தனியாக இருந்தால், நாம் கண்ணால் பார்க்கும் "ஃப்ரம்" வரியைக் காப்பாற்றாது. இரண்டில் ஒன்றாவது "ஃப்ரம்" வரியின் டொமைனோடு ஒத்துப்போக வேண்டும் என்று சொல்வது டிமார்க். உறையும் அழைப்பவர் பெயரும் வேறாக இருக்கலாம் என்ற பழைய ஓட்டையை ஓரளவு தைத்தது அதுதான்.

உங்கள் டொமைனுக்கு டிமார்க் பதிவு "நன்" என்ற நிலையில் இருக்கிறது, வேடிக்கை மட்டும் பார் என்று அர்த்தம். சில வாரம் அறிக்கைகளைப் படித்து, பில் அனுப்பும் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம் எல்லாம் முறையாகக் கையெழுத்தோடு போகிறதா என்று பாருங்கள். பிறகு "க்வாரன்டைன்" (ஒதுக்கிவை), அப்புறம் "ரிஜெக்ட்". பதிவு போட்டால் மட்டும் போதாது, உள்ளே வரும் மெயிலில் அதைச் சோதிக்க ஆர்ஸ்பாம்டி போன்ற ஸ்பாம் வடிகட்டி ஒன்று உங்கள் சர்வரில் ஓட வேண்டும். எஸ்பிஎஃப் தோற்றது என்பதற்காக மட்டும் மறுக்காதீர்கள். ஒருவர் தன் பழைய முகவரிக்கு வருவதை உங்கள் முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால், திருப்பும் சர்வரின் ஐபி அசல் அனுப்புநரின் பட்டியலில் இருக்காது. நல்ல மெயில் வீணாகத் தோற்கும்.

முதலாளியின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஏதோ இலவச முகவரியிலிருந்து அனுப்பினால் டிமார்க்கும் ஒன்றும் செய்யாது, அந்த முகவரி உண்மையானதுதானே. அதற்குத்தான் மதிப்பெண் முறை, அதாவது சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. ஆர்ஸ்பாம்டியின் இயல்பு அளவில் 6 மதிப்பெண் வந்தால் ஸ்பாம் என்று குறிப்புப் போடும், 15 வந்தால் வாசலில் மறுக்கும். "முதலாளியின் பெயர், ஆனால் நம் டொமைன் இல்லை" என்பதற்கு ஒரு 7 மதிப்பெண் கொடுங்கள். ஜங்க் மடிப்புக்குப் போகும், முழுதாகத் தொலையாது. முதலாளி தன் சொந்த ஜிமெயிலிலிருந்து ஒருநாள் அனுப்புவார், கட்டாயம் அனுப்புவார். அன்றைக்கு இந்த வித்தியாசம் உங்களைக் காப்பாற்றும். ஸ்பாம்அசாசின் என்ற இன்னொரு வடிகட்டியை வைத்துக்கொண்டாலும் தவறில்லை, அதில் இயல்பு எல்லை 5. மெயில்களைப் படித்துக் கற்கும் அதன் பேய்ஸ் பகுதி குறைந்தது 200 ஸ்பாம், 200 நல்ல மெயில் படித்த பிறகுதான் வாயைத் திறக்கும். எல்லோரும் ஸ்பாமை மட்டும் ஊட்டிவிட்டு நல்ல மெயிலைக் காட்ட மறந்துவிடுகிறார்கள்.

புதிய ரூல் எதையும் நேரடியாக ஏவாதீர்கள். போஸ்ட்ஃபிக்ஸில் தடைச் சொல்லுக்கு முன்னால் "வார்ன் இஃப் ரிஜெக்ட்" என்று போட்டால் மறுக்காமல், மறுத்திருப்பேன் என்று லாக்கில் (சர்வரின் பதிவேட்டில்) மட்டும் எழுதும். ஒரு வாரம், அதுவும் மாதக் கடைசியும் முதல் தேதியும் உள்ளே வருகிற மாதிரி ஒரு வாரம், அப்படியே ஓடட்டும். பில்லும் சம்பளச் சீட்டும் போய்வரும் நாட்களில் மாட்டாத ரூல்தான் நம்பத்தக்கது. உறை முகவரி வெறுமையாக வரும் மெயிலையும் தடுக்காதீர்கள், திரும்பல் அறிவிப்புகள் அப்படித்தான் வரும். உங்கள் டொமைனின் "போஸ்ட்மாஸ்டர்" முகவரிக்கு எந்தத் தடையும் வேண்டாம், தடுக்கப்பட்டவர் முறையிட ஒரு வாசல் இருக்கட்டும்.

நாட்டின் பெயரால், டொமைன் வாலின் (கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியின்) பெயரால் மொத்தமாகத் தடுப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டு வியாபாரம் செய்யும் அலுவலகத்தில் அதைத் தொடவே வேண்டாம். மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு கூட்டுங்கள், போதும்.

கடைசியாக அந்த 600. எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்கச் சொன்னால் மனசு வராது, தெரியும். பட்டியலின் நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, கடந்த 30 நாள் லாக்கில் "சென்டர் அட்ரஸ் ரிஜெக்டட்" என்று வரும் வரிகளைப் பிரித்தெடுங்கள், எந்த முகவரி எத்தனை முறை மாட்டியது என்று எண்ணுங்கள். ஒருமுறைகூட மாட்டாதவற்றை நீக்குங்கள். நான் இப்படி எண்ணிப் பார்த்த ஒரு சர்வரில் 800-க்கு மேல் இருந்த வரிகளில் மிஞ்சியவை 14. அதில் ஒன்பது ஒரே கருத்தரங்கு நிறுவனத்தின் வெவ்வேறு ஊழியர்கள். டொமைனை ஒரே வரியாகப் போட்டோம், 6 வரியில் முடிந்தது.